நான்காக மடித்த தாள்

சட்டைப் பையில் ஒரு தாள்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிய விரல்களுக்குத்தான் அது முதலில் தெரிந்தது, தவசிலிங்கத்துக்கு அடுத்த கணம் தெரிந்தது. ஒன்று அவருடைய பணி ஆணை, இன்றைக்கு இந்த மையத்தில் அறைக் கண்காணிப்பாளராக இருக்கச் சொல்வது, நான்காக மடித்தது. இன்னொன்றும் நான்காக மடித்தது. அதை அவர் முழுக்க விரிக்கவில்லை. ஒரு மடிப்பை மட்டும் நிமிர்த்தினார். மூலையில் ஒரு சடையும், இடது காதும், சீருடைத் துப்பட்டாவின் ஓரமும் தெரிந்தன. போதும். அந்தக் காதை அவருக்குத் தெரியும். காது குத்தும் அன்று தாய்மாமன் வர வேண்டிய பேருந்து வழியில் நின்றுபோனதால் நல்ல நேரம் தவறிவிடும் என்று தவசிலிங்கத்தின் மடியில்தான் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், கை தளர்ந்தது, பிள்ளை தலையைத் திருப்பினாள். இடது துளை ஒரு நெல் அளவு கீழே இறங்கிப் போனது. இன்றைக்கும் தோடு அந்தப் பக்கம் மட்டும் தலைகுனிந்து தொங்கும். மணி பத்து பத்து. கேள்வித்தாளை வாசிக்க விட்ட பத்து நிமிடம் முடிந்து மணி அடித்திருந்தார்கள். முகப்புத் தாளில் இருக்கும் பெயரும் எண்ணும் படமும் தங்களுடையதுதானா என்று பிள்ளைகள் இனி ஐந்து நிமிடம் சரிபார்ப்பார்கள், பத்தேகாலுக்கு எழுத ஆரம்பிப்பார்கள். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் இந்தப் பள்ளியில் அவர் நிற்கிறார். மேற்குக் கோடியில், ஆறு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு பள்ளியில் இதே மணிக்கு இதே கேள்வித்தாள் அவர் மகள் சுபிக்ஷாவின் கையில் இருக்க வேண்டும். அவளுடைய ஹால் டிக்கெட் அவர் பையில் இருந்தது.

எப்படி வந்தது என்பதற்கு யோசிக்கத் தேவையில்லை, யோசித்தார். காலையில் ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லிப் பார்த்தார். நீல மை பேனா இரண்டு, பென்சில், ஸ்கேல், ஹால் டிக்கெட். இருபத்தாறு வருடம் மற்றவர் பிள்ளைகளுக்குச் செய்ததை வீட்டிலும் செய்யாமல் இருக்க முடியவில்லை. படத்தைப் பார்த்தார், எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தார், பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டார். அதற்குள் சமையலறையிலிருந்து மனைவி செல்வி கூப்பிட்டாள், சிலிண்டர் தீர்ந்துவிட்டது, அடுப்பில் இட்லி பாதியில் நிற்கிறது, மாற்றித் தந்துவிட்டுப் போங்கள், எனக்கு ஏழரை பஸ் போய்விடும் என்று. செல்வியும் ஆசிரியைதான், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தொடக்கப்பள்ளியில். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது பத்து மணிக்கு. அவர் எழுந்து போனார். போகும்போது கையில் இருந்த தாளை இரண்டாக மடித்து, அதை மறுபடி இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். யோசித்துச் செய்ததல்ல. அவர் கையில் எந்தத் தாள் வந்தாலும் நான்காக மடிந்து பைக்குள் போய்விடும். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, வகுப்பில் ஒரு பையனிடம் பிடுங்கிய காதல் கடிதம். துவைக்கும்போது வெள்ளை உருண்டைகளாக வெளியே வரும். இந்தச் சட்டைப் பைதான் எனக்குச் சக்களத்தி, எனக்குத் தெரியாமல் எதையெல்லாம் முழுங்குது பாருங்க என்று செல்வி ஒருமுறை அவருடைய அக்கா வீட்டார் முன்னால் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சுபிக்ஷாவுக்குப் பால்வாடியில் சேர்க்க வாங்கிய பிறப்புச் சான்று அப்படித்தான் போனது. இரண்டாவதாக வாங்கியதில் நகராட்சிக்காரர்கள் பெண் என்ற இடத்தில் ஆண் என்று போட்டுவிட்டார்கள், அதைத் திருத்த நான்கு மாதம் நடந்தார். அப்போதும் யாரும் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. அவர் வீட்டில் யாரும் அவரிடம் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. மறந்துபோவது அவர்தான், ஆனால் மறக்காதே மறக்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதும் அவர்தான்.

மணி அடித்தது. பத்தேகால். பத்தொன்பது தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அவருக்கு விதி தெரியும். அதுதான் வேடிக்கை. ஹால் டிக்கெட் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் வாசலில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. முதன்மைக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னால் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பார், முகப்புத் தாளில் இருக்கும் படத்தைப் பார்ப்பார், ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்புவார். ஐந்து நிமிட வேலை. அவரே இரண்டு முறை அப்படி அனுப்பியிருக்கிறார். ஆனால் இதைப் பிள்ளைகளிடம் எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். ஹால் டிக்கெட் இல்லாதவன் கேட்டைத் தாண்ட முடியாது, அங்கேயே ஒரு வருடம் போச்சு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தவசிலிங்கம் அதோடு நிற்காமல் சொர்ணத்தைச் சேர்த்திருந்தார். எந்த வருடம் சேர்த்தார் என்று நினைவில்லை. ஒரு மழை நாளில், கடைசிப் பாடவேளையில், தூங்கி விழுந்த வகுப்பை எழுப்ப வேண்டி வந்திருக்கும். சொர்ணம் என்று ஒருத்தி இருந்தாள், முதல் மதிப்பெண் வாங்குகிறவள், பரீட்சை அன்று ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டாள், கேட்டில் விடவில்லை. எதிரே வாகை மரத்தடியில் சீருடையோடு ஒரு மணி வரைக்கும் நின்றாள், எல்லாரும் எழுதிவிட்டு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இப்போது தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறாள். அவ்வளவுதான் கதை. வருடத்துக்கு வருடம் அதில் ஏதாவது சேரும். ஒரு வருடம் அவள் அப்பாவுக்குக் கால் ஊனம். ஒரு வருடம் அவள் இவரைக் கடைவீதியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைச் சொன்னபோது அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுபிக்ஷா அந்தக் கதையை ஆறு வயதிலிருந்து கேட்டவள். சொர்ணம் அக்கா சாப்பிட்டிருப்பாங்களாப்பா அன்னிக்கு என்று ஒருமுறை கேட்டாள். சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றார். இப்போது அவர் கண்ணுக்குள் வாகை மரம் தெரிந்தது. மேற்குப் பள்ளியின் எதிரே உண்மையிலேயே ஒரு மரம் உண்டு, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், என்ன மரம் என்று அவர் பார்த்ததில்லை. அதன் கீழே ஒரு சைக்கிள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இடது தோடு தலைகுனிந்த ஒருத்தி. போய்க் கேளு, விடுவாங்க. இந்த மூன்று சொல்லை அவளிடம் சொல்ல வேண்டும். இது போதும். தானாகப் போய்க் கேட்கிற பிள்ளை இல்லை அவள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள். கூச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பயம் என்று அவருக்குத் தெரியும், யாரிடமிருந்து வந்தது என்றும் தெரியும்.

அவருடைய போன் தலைமையாசிரியர் அறையில், இரும்பு பீரோவில், பெயர் எழுதிய உறைக்குள் கிடந்தது. எட்டே முக்காலுக்குக் கொடுத்தது, ஒன்றேகாலுக்கு மேல்தான் கிடைக்கும். மூன்றாவது வரிசையில் நான்காவது இடம் காலியாக இருந்தது. அந்த மேசையின் மேல் விடைத்தாள் தைத்த முகப்புத் தாள் மட்டும் காற்றில் எழுந்து எழுந்து படுத்தது. படத்தில் ஒரு பெண் ரிப்பன் வைத்த ரெட்டைச் சடையோடு, போட்டோக்காரர் சிரிக்காதே என்று சொன்னதைக் கேட்ட முகத்தோடு இருந்தாள். மு. சிந்துஜா. பத்தரை வரை பார்த்துவிட்டு அந்தத் தாளில் வரவில்லை என்று சிவப்பு மையில் எழுத வேண்டும், அது அவர் வேலை. மேற்குப் பள்ளியிலும் ஒருவர் கையில் சிவப்புப் பேனாவோடு நின்றுகொண்டிருப்பார். அவரும் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து இருபதுக்கு, மையத்தை மேற்பார்வையிடும் துறை அலுவலர் வந்தார், பக்கத்து ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர், முத்தையா என்று பெயர், நல்ல மனிதர், சாந்தமாகப் பேசுகிறவர். வாசலில் நின்று எத்தனை பேர் சார் வரலை என்று மெல்லக் கேட்டார். ஒண்ணு என்றார் தவசிலிங்கம். இப்போது சொல்லலாம். சார், என் மகளோட ஹால் டிக்கெட் என் பையில வந்துட்டுது, அந்த ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும். அவ்வளவுதான். முத்தையா உடனே ஓடுவார். ஆனால் வாய்க்குள் அந்த வாக்கியம் புரண்டபோதே அதற்குப் பின்னால் எபனேசர் வந்து நின்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு பரீட்சையில், காலுறைக்குள் போனை வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தவர் எபனேசர், இயற்பியல் ஆசிரியர். அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க சார், சைலண்ட்லதான் வச்சிருக்கேன், பார்த்துக்க மட்டும்தான் என்று வராந்தாவில் கையைப் பிடித்தார். விதி விதிதான் என்று எழுதிக் கொடுத்தவர் தவசிலிங்கம். எபனேசருக்கு ஒரு வருடம் ஊதிய உயர்வு நின்றது. அந்த அம்மா என்ன ஆனாள் என்று அவர் கேட்கவே இல்லை. இன்றைக்கு எபனேசரும் இந்த மையத்தில்தான், இரண்டு அறை தள்ளி. காலையில் யாருக்கு எந்த அறை என்று குலுக்கலில் சீட்டு எடுக்கும்போது வணக்கம் சார் என்று வெறும் வாயால் சொன்னார். பரீட்சை அறைக்குள் கண்காணிப்பாளர் பையில் வேறொரு மாணவியின் ஹால் டிக்கெட். மகளுடையது என்றால் இன்னும் மோசம். யாருக்கு எடுத்துப் போக வைத்திருந்தீர்கள் என்று ஒரு கேள்வி, யாரிடம் என்ன பேசி வைத்திருந்தீர்கள் என்று இன்னொன்று. பறக்கும் படை இன்று வரும் என்று பேச்சு. வேற ஏதாவது இருக்கா சார் என்று முத்தையா கேட்டார், முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஒண்ணுமில்ல சார், வெயில் என்றார் தவசிலிங்கம். பிறகு, போகத் திரும்பியவரிடம், இந்தப் பொண்ணு இனிமே வந்தா விடலாமில்லையா என்று கேட்டார். பத்தரை வரைக்கும் சார், உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு முத்தையா அடுத்த அறைக்குப் போனார். செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. கூப்பிட்டால் திரும்பும் தூரம்தான். ஐந்து அடி, பத்து அடி. அப்புறம் படிக்கட்டு.

பத்தரைக்கு மணி அடிக்கவில்லை, அதற்கு மணி கிடையாது. சுவர்க் கடிகாரத்தின் முள் வெறுமனே அதைக் கடந்து போனது. அவர் மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சிந்துஜாவின் தாளில் எழுதினார். சிவப்பு மை முதல் கோட்டில் பிடிக்கவில்லை. உதறி மறுபடி எழுதினார். எழுத்து பெரிதாக விழுந்துவிட்டது, படத்தின் மேலேயும் கொஞ்சம் பட்டது. அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை, இரண்டே முக்கால் மணி நேரம். நடந்தார். ஜன்னல் வரை, திரும்பக் கரும்பலகை வரை. நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட பழக்கம். அவள் போயிருப்பாள் என்று ஜன்னல் வரை நினைத்தார். பதினேழு வயது, யாராவது தோழி இழுத்துக்கொண்டு போயிருப்பாள். திரும்பும்போது அவள் போயிருக்க மாட்டாள். அவள் பிறந்த அன்றைக்கும் இப்படித்தான். மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். செல்விக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு வெளியே டீ குடிக்க வந்தபோதுதான், காலையில் பதினோரு மணிக்கே பிள்ளை பிறந்துவிட்டது என்று அலுவலகத்துக்கு வந்த தகவலை ஒருவர் சொன்னார், சார் உங்களுக்குப் பொண்ணாமே என்றார். பதினோரு மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அன்றிரவு ரயிலில் யோசித்துப் பார்த்தார். யாரோ ஒரு பையன் சமன்பாட்டில் ஒரு அம்புக்குறியைப் போடாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பள்ளியில் விட்ட முதல் நாள் அவருக்குப் பயிற்சி வகுப்பு. அவள் பெரியவளான அன்று வீட்டில்தான் இருந்தார், ஆனால் செல்வி வந்து சொன்னதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இறங்கி வந்தபோது உறவுக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள், அவள் மூலையில் பலகையில் உட்கார்ந்திருந்தாள், அவரைப் பார்த்தாள். என்னமோ சொல்ல வேண்டும் என்று பரீட்சை எப்போ என்று கேட்டார். சார் என்று ஒரு குரல். திடுக்கிட்டுப் போனார். முதல் வரிசைப் பெண் கூடுதல் தாள் கேட்டு நின்றாள். கொடுத்தார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தன, அவளே ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்து குண்டு குண்டாக இருந்தது. இந்நேரம் சொர்ணத்துக்குத் தாகம் எடுக்கும். சொர்ணம் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தாளா என்று அவர் ஒரு வருடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு மணிக்குப் பறக்கும் படை வந்தது, இரண்டு பேர், ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தார்கள், அவரைப் பார்க்கவே இல்லை. உங்க அறைன்னா கவலையே இல்ல சார் என்று ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். பையில் அந்தத் தாள் நெஞ்சோடு ஒட்டி வியர்வையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. மடிப்பில் மை ஊறிப் படம் கெட்டுவிடும் என்று நினைத்தார், எடுத்து வேறெங்கும் வைக்க இடமில்லை. கடைசி மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விடைத்தாளோடு கூடுதல் தாள்களைக் கட்ட நூல் கொடுத்தார். பிள்ளைகள் அவசரமாக முடிச்சுப் போட்டார்கள். எல்லா முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தார், அது அவிழாமல் இருக்க வேண்டும்.

ஒன்று நாற்பதுக்கு உறையிலிருந்து போனை எடுத்தார். அது உயிர் பெறுவதற்குள் வராந்தாவின் கடைசிக்கு நடந்துவிட்டார். பக்கத்தில் எபனேசர் தன்னுடையதை வாங்கிக்கொண்டு யாரிடமோ சாப்பாடு ஆச்சா என்று கேட்டபடி இறங்கிப் போனார். திரையில் தவறிய அழைப்புகள் வந்தன. ஏழு. எல்லாம் வீட்டில் இருக்கும் பழைய போனிலிருந்து, ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது இருபத்தொன்பது வரை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்குப் போட்டார். ஐந்து முறை மணி அடித்தது. ஆறாவதில் எடுத்தாள்.

"எழுதிட்டேம்ப்பா" என்றாள். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

அவர் தூணில் கையை வைத்தார். சுண்ணாம்பு ஒட்டியது.

"ரெண்டு அஞ்சு மார்க் கேள்வி விட்டுப்போச்சு. நேரம் இல்ல. உள்ள போறப்பவே பத்து இருபத்தெட்டு." குரல் மெல்லியதாக, வாசிப்பதுபோல் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீடு முழுக்கத் தேடினாளாம், அரிசி டின்னுக்குள்கூடப் பார்த்தாளாம். போன் போட்டுப் பார்த்தாள். அம்மாவின் ஊரில் டவர் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாரும் உள்ளே போனார்கள். கேட்டைச் சாத்தினார்கள். அப்புறமும் நின்றாள். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் ரோட்டைத் தாண்டி வந்து, ஏம்மா நிக்கிற, உள்ள போகலையா என்று கேட்டார்.

"ஹால் டிக்கெட் இல்லக்கா, விட மாட்டாங்கன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்கப்பா. யாரு உனக்கு இப்படியெல்லாம் சொன்னதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலக்கான்னு சொன்னேன்."

கீழே மைதானத்தில் பிள்ளைகள் கும்பல் கும்பலாகக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு விடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி அழுதாள், சுற்றி நின்றவர்கள் அவளைச் சமாதானம் செய்தார்கள்.

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. ஹெச்.எம். ஒண்ணுமே கேக்கல. ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க தொலைச்சேன்னே தெரியலப்பா. காலையில மேசையிலதான் வச்சேன். அடுத்த பரீட்சைக்கு வேணும்ல. நல்லாத் தேடிப் பாக்குறேன், திட்டாதீங்க."

சரி, தேடு என்று சொல்லியிருக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மேசைக்கு அடியிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த வழி ஒரு நொடி மிகத் தெளிவாக, கழுவிவிட்ட வராந்தாபோல் அவர் முன்னால் கிடந்தது.

"தேடாதம்மா" என்றார். "என் பையில இருக்கு. காலையில மடிச்சு வச்சிட்டேன் போல."

அந்தப் பக்கம் மின்விசிறியின் டக்டக் கேட்டது, கூடத்து விசிறி, அதற்குப் பேரிங் மாற்ற வேண்டும் என்று செல்வி பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அம்மா சொல்லுற சக்களத்தி என்று ஏதாவது சொல்வாள். அழுதாலும் பரவாயில்லை.

"எப்பப்பா பார்த்தீங்க?" என்றாள்.

கேள்வியில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். படிக்கட்டில் முத்தையா விடைத்தாள் கட்டுகளை ஒரு அலுவலகப் பையனிடம் எண்ணிக் கொடுத்துக்கொண்டே மேலே பார்த்து, என்ன சார் வீட்டுல எல்லாம் நல்லாத்தானே என்பதுபோல் தலையை ஆட்டினார். தவசிலிங்கமும் தலையை ஆட்டினார்.

"இப்பத்தாம்மா" என்றார். "போன எடுக்கக் கைய விட்டேன், அப்பத்தான் பார்த்தேன்."

"சரிப்பா" என்றாள். குரலில் இருந்த வாசிப்பு போய்விட்டது, லேசாகியிருந்தது. "வாங்க. நீங்க வந்ததும் சாப்பிடலாம்னு உக்காந்திருக்கேன்."

அவர் தாளை எடுத்து முழுக்க விரித்தார். ஈரத்தில் படம் கொஞ்சம் பரவியிருந்தது, ஆனாலும் அவள்தான் என்று தெரிந்தது. காற்றில் காட்டினார். காய்ந்ததா இல்லையா என்று பார்க்காமலே, போனைப் பிடித்திருந்த கையோடேயே அதை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.